கரும்பலகையில் ஆறு பெயர்கள்: இலக்கியப் பயிற்சி வாசிப்பை என்ன செய்கிறது?

1971ஆம் ஆண்டுக் கோடை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் ஸ்டான்லி ஃபிஷ் என்ற பேராசிரியர் காலையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் எடுத்துக்கொண்டிருந்தார். 9:30க்குத் தொடங்கும் முதல் வகுப்பு, மொழியியலுக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. 11 மணிக்கு வருகிறவர்கள் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதைகளைப் படிக்கிறவர்கள். ஒரு நாள், முதல் வகுப்பு மாணவர்கள் அடுத்து யார் யாரைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆறு பெயர்கள், ஐந்து வரிகள்:

ஜேக்கப்ஸ்–ரோசன்பாம்
லெவின்
தார்ன்
ஹேஸ்
ஓமன் (?)

முதல் ஐவர் மொழியியலாளர்கள்; கடைசியில் வருபவர் மொழியியல் கருவிகளை இலக்கியத்துக்குக் கொண்டுவந்த விமர்சகர். முதல் இருவரும் சேர்ந்து எழுதுகிறவர்கள் என்பதால் ஒரே வரியில் வந்தார்கள். கடைசிப் பெயரை எழுதும்போது அதில் ஒரு 'என்' எழுத்தா இரண்டா என்று ஃபிஷ்ஷுக்குச் சந்தேகம். அதனால்தான் அந்தக் கேள்விக்குறி. (இரண்டுதான் சரி.)

முதல் வகுப்பு கலைந்தது. இரண்டாவது வகுப்பு வருவதற்குள் பட்டியலைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, தலையில் 'பக்கம் 43' என்று எழுதினார். மாணவர்கள் வந்து உட்கார்ந்ததும், பலகையில் இருப்பது நீங்கள் படித்துவரும் வகையைச் சேர்ந்த ஒரு சமயக் கவிதை, இதற்குப் பொருள் சொல்லுங்கள் என்றார்.

சொன்னார்கள். தயங்கித் தயங்கி அல்ல, மளமளவென்று.

முதலில் பேசிய மாணவர் கவிதையின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்: இது சிலுவையாக இருக்கலாம், பலிபீடமாகவும் இருக்கலாம். அந்த நூற்றாண்டில் பலிபீட வடிவிலேயே அச்சான கவிதை உண்டு என்பதால் இது ஆகாயத்திலிருந்து பறித்த ஊகம் அல்ல. அப்புறம் ஒவ்வொரு சொல்லாக அவிழ ஆரம்பித்தது. ஜேக்கப்ஸ் என்றதும் விவிலியத்தில் யாக்கோபு கனவில் கண்ட ஏணி. ஆனால் இங்கே பக்கத்தில் ஏணி இல்லை; ரோசன்பாம் இருக்கிறது, அதாவது ரோஜா மரம். ரோஜா என்றால் கன்னி மரியாள், முள்ளில்லா ரோஜா என்று மரபில் சுட்டப்படுகிறவர். அப்படியானால் மனிதன் விண்ணுலகுக்கு ஏறுவது ஏணியால் அல்ல, அந்த மரத்தின் கனியால். கனி என்பது மரியாளின் மகன். தார்ன் என்பது முள், எனவே முள்முடி. லெவின் என்பதில் இரண்டு: குருத்துவப் பணிக்குரிய லேவி குலம், அதோடு, 'அன்லெவன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியை வைத்து, எகிப்தை விட்டுப் புறப்பட்டபோது இஸ்ரவேலர் கொண்டுபோன புளிப்பில்லா அப்பம். ஓமனுக்கு மூன்று: சகுனம், 'ஓ மனிதா' என்ற விளி, ஆமென். கடைசி வரிக்குப் பொருத்தமாக ஆமென்!

இதோடும் விடவில்லை. யூதப் பெயர்கள் மூன்று, கிறித்தவப் பெயர்கள் இரண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாதது ஒன்று, அந்தத் தெரியாமையைக் காட்டத்தான் கேள்விக்குறி என்றார்கள். எழுத்துகளைக்கூட எண்ணினார்கள். அதிகம் வருகிற S, O, N என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் 'மகன்' என்ற சொல் வருகிறதாம்.

ஃபிஷ் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். 1980இல் வந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. வாசிப்புக் கோட்பாடு பேசுகிற எவரும் ஒருமுறையாவது இதை இழுக்காமல் விடுவதில்லை. அவர் எடுத்த முடிவு இது: ஒரு பிரதியில் கவிதைத்தன்மை கண்டு அதைக் கவிதை என்று அடையாளம் கொள்கிறோம் என்பது தலைகீழ்க் கணக்கு. கவிதை என்று முதலில் முடிவு செய்கிறோம். பிறகு கவிதையைப் பார்க்கப் பழகிய கண்ணால் பார்க்கிறோம். பார்த்ததும் கவிதைத்தன்மைகள் தாமாக முளைக்கின்றன. இந்தப் பார்வையைக் கற்றுக்கொடுக்கும் கூட்டத்தை அவர் பொருள்கொள்ளும் சமூகம் என்கிற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார்.

சரி, இந்த நிகழ்விலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக்கூடாது?

என் பார்வையில், அந்த மாணவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று சிரிப்பது சோம்பேறித்தனம். அவர்கள் செய்தது மிகத் தேர்ந்த வேலை. யாக்கோபின் ஏணி தெரியாதவர் அந்த வாசிப்பைத் தொடங்கியிருக்கவே முடியாது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளைப் புதிய ஏற்பாட்டின் முன்னடையாளங்களாகப் படிக்கும் மரபு, சொல்லுக்குள் சொல் ஒளித்துவைக்கும் வழக்கம், அச்சு வடிவமே பொருளாவது எல்லாம் அந்த நூற்றாண்டுக் கவிஞர்கள் நிஜமாகவே கையாண்டவை. மாணவர்கள் கற்றதைச் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். பயன்படுத்திய இடம்தான் தவறு. அதுவும் ஆசிரியர் கைகாட்டிய இடம்.

இலக்கியம் படிப்பது ஒருவருக்கு முதலில் கொடுப்பது கூரிய கண் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த நிகழ்வு காட்டுவது வேறு. முதலில் கிடைப்பது எதிர்பார்ப்புகள். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கும். சொற்கள் ஒன்றோடொன்று பேசும். வடிவம் வெறும் அலங்காரம் அல்ல. சிக்கலாகத் தெரிவது திட்டமிட்ட சிக்கல். இந்த நான்கையும் நம்பி உள்ளே நுழைகிறவருக்கு எழுத்தாளரின் எழுத்துப்பிழைச் சந்தேகம்கூட இறையியல் தெளிவின்மையாகிவிடுகிறது. கேள்விக்குறி விஷயத்தில் நடந்தது அதுதான்.

எதிர்பார்ப்பின் இந்த வேலையைத் தனியாகப் பிரித்து அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ரோல்ஃப் ஸ்வான் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பத்திகளைச் சிலரிடம் செய்தித்தாள் செய்தி என்றும் சிலரிடம் இலக்கியம் என்றும் சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாக வாசித்தார்கள். எந்தச் சொற்களால் எழுதப்பட்டிருந்தது என்பதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். செய்தி என்று நம்பியவர்களுக்கு நடந்தது என்ன என்ற நிலவரம் நன்றாகப் பதிந்திருந்தது. பிரதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மாறியது மேலே ஒட்டிய சீட்டு மட்டும். ஃபிஷ் போட்ட கட்டமும் 'பக்கம் 43'உம் செய்த வேலை இதுவே.

ஆனால் சீட்டு மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜோன் பெஸ்கின் என்ற ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களும், அந்த அளவு பயிற்சி இல்லாத இளம் மாணவர்களும், கடினமான பழங்கவிதைகளை உரக்க யோசித்தபடியே வாசித்தார்கள். இரு தரப்புக்கும் அது கவிதை என்று தெரியும். இளையவர்கள் வரிகளுக்கு நேர்ப்பொருள் கண்டுபிடிக்கவே திணறினார்கள். பயிற்சி பெற்றவர்கள் இது எந்த மரபுக் கவிதை, அந்த மரபில் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே யோசித்தார்கள். முரண் வந்த இடத்தில் முகம் சுளிக்காமல், இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நின்றார்கள். இங்கே எதிர்பார்ப்பு கண்ணை மறைக்கவில்லை, கதவைத் திறந்திருக்கிறது. அமெரிக்க வகுப்பில் கேலிக்குரியதாகத் தெரிந்த அதே பழக்கம்தான் இது.

நம் பழைய பாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டில், நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிற கண்ணாடிப் பாவை மாதிரி, தன் மகனுடைய தாய் விரும்பியதைச் செய்கிறான். ஆறு அடி, அவ்வளவுதான்.

சங்கப் பாட்டுப் பழக்கமே இல்லாத ஒருவரிடம் இதைக் கொடுத்தால், கண்ணாடிப் பாவையை உடனே பிடித்துக்கொள்வார். அது எந்தக் காலத்துக்கும் புரிகிற கிண்டல். மாம்பழமும் மீனும்? ஊரின் செழிப்பு, நல்ல காட்சி என்று கடந்துபோவார். பேசுகிறவள் யார் என்பதில் குழம்புவார். மாமியாராக இருக்குமோ, பக்கத்து வீட்டுக்காரியோ என்றுகூட நினைக்கலாம். அதில் தவறில்லை, பாட்டுக்குள் அதைச் சொல்லும் சொல் ஏதும் இல்லை.

பயின்றவருக்கு இரண்டு விஷயங்கள் கையில் உண்டு. ஒன்று, வயலும் குளமும் வந்தால் மருதம், மருதம் என்றால் ஊடல் என்ற திணை அறிவு. மற்றொன்று, இயற்கைக் காட்சி வந்தால் அதற்குள் ஆட்களைத் தேடு என்கிற உள்ளுறைப் பழக்கம். தேடுகிறார். முதலில், அலட்டிக்கொள்ளாமல் சுகம் தேடும் தலைவன்தான் வாளை என்று தோன்றும். பாட்டின் கீழுள்ள குறிப்பைப் பார்த்ததும் கணக்கு மாறுகிறது. மனைவி தன்னை இழிவாகப் பேசினாள் என்று கேள்விப்பட்ட காதற்பரத்தை (தலைவன் மனைவிக்கு வெளியே உறவு வைத்திருக்கும் பெண்), மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொன்னது என்கிறது குறிப்பு. இப்போது பழம்தான் தலைவன். மீன் அவள். நான் மரமேறிப் பறிக்கவில்லை, அதுவாக விழுந்தது, கவ்வினேன் என்கிறாள். காட்சி வர்ணனையாக இருந்தது ஒரு குற்றச்சாட்டுக்கான பதிலாக மாறிவிடுகிறது. 'தன் மகனுடைய தாய்' என்ற சொற்சேர்க்கையும் அப்போதுதான் சுருக்கென்று தைக்கிறது. 'மனைவி' என்ற சொல்லை அவள் கவனமாகத் தவிர்க்கிறாள்.

ஃபிஷ்ஷின் ஆதரவாளர் இங்கே குறுக்கிடலாம். அந்தக் குறிப்பு பாட்டின் பகுதி அல்ல, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. அதுவும் ஒரு 'பக்கம் 43' தானே? நியாயமான கேள்வி. கூற்றுக் குறிப்பை மாற்றி, இதைத் தோழி சொன்னதாக வைத்தால் வேறொரு வாசிப்பு கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. 'எங்கள் வீட்டில்' என்றும் 'தன் வீட்டில்' என்றும் பாட்டு இரண்டு வீடுகளை எதிரெதிராக நிறுத்துகிறது. தலைவனுடைய தாயையோ தலைவனையோ பேசவைத்தால் இந்த இரண்டு வீடுகளும் இடிக்கும். அதாவது, குறிப்பு ஒரு வாசிப்பை முன்வைக்கிறது. ஏற்றுக்கொள்வதா மறுப்பதா என்பதில் பாட்டுக்கும் வாக்கு இருக்கிறது.

பெயர்ப் பட்டியலுக்கு அப்படி வாக்கு இருந்ததா? இருந்தது என்பதே என் கருத்து, அதற்கான சான்றும் ஃபிஷ்ஷின் கட்டுரையிலேயே இருக்கிறது. மேலே மாணவர்கள் சொன்ன பொருள்களை மறுபடி பாருங்கள்: ஹேஸ் என்ற பெயருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்தான் பொருள்கொள்ள மிகவும் முரண்டுபிடித்தது என்று ஃபிஷ்ஷே ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஒரு விளைவு உண்டு என்றும் சொல்லிவிட்டு, இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன் என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த ஒதுக்கல் உறுத்துகிறது. வாசகர்தான் எல்லாவற்றையும் உண்டாக்குகிறார் என்றால், இவ்வளவு திறமையான ஒரு வகுப்பு ஐந்து பெயர்களை உருக்கி வார்த்துவிட்டு ஆறாவதில் ஏன் தடுக்கி நிற்கவேண்டும்? யாக்கோபுக்கும் லேவிக்கும் முள்ளுக்கும் சமய மரபில் ஏற்கெனவே பொருள் ஏறியிருந்தது. ஹேஸுக்கு இல்லை. பொருள்கள் மாணவர்களின் தலைக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை என்பதையே இது காட்டுகிறது. வேறு இடங்களிலும் இதைச் செய்துபார்த்ததாகவும், எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் நடக்கும் என்றும் ஃபிஷ் வாதிடுகிறார். நடக்கலாம். எவ்வளவு சுலபமாக நடக்கிறது, எந்தச் சொல்லில் வாசகர் மூச்சுவாங்குகிறார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. அதை அவர் அளக்கவில்லை.

பட்டியல் உண்மையில் வீட்டுப்பாடம்தானே, கவிதை என்பது பொய்தானே என்று சிலர் கேட்டதற்கு, வீட்டுப்பாடம் என்று பார்ப்பதும் கற்றுக்கொண்ட பார்வைதான் என்பது அவர் பதில். பள்ளி என்ற ஒன்றையே அறியாதவருக்கு அது வீட்டுப்பாடமாகவும் தெரியாது என்பது சரிதான். ஆனாலும் இரண்டு பார்வைகளும் சமம் என்று ஆகிவிடாது. வீட்டுப்பாடம் என்று எடுத்துக்கொண்டால் ஹேஸ் உட்பட ஆறு பெயருக்கும் கணக்கு நேராகிறது. கேள்விக்குறிக்கும் காரணம் கிடைக்கிறது. கவிதை என்று எடுத்துக்கொண்டால் ஒரு பெயர் வெளியே நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு நிகழ்வு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற விமர்சகர் கவிதைகளை ஆசிரியர் பெயரும் காலமும் இல்லாமல் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்து, அவற்றைப் பற்றிய கருத்தை எழுதித் தரச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியமே பாடமாகப் படித்தவர்கள். 1929இல் வெளியான முடிவுகள் பலரைக் கலங்கடித்தன. பெயர் தெரியாததால் ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்ற பெரிய கவிஞர்கள்கூட அடி வாங்கினார்கள். அதைவிட முக்கியம், பலருக்கு வரிகளின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. டி. எச். லாரன்ஸின் ஒரு கவிதை; அதில் ஒருவர் ஒரு பெண் பாடுவதைக் கேட்டு, அம்மாவின் பியானோ அருகில் கழிந்த சிறுவயது நினைவில் அழுகிறார். பியானோ, அம்மா, கண்ணீர் என்று பார்த்ததுமே பலர் 'மிகையுணர்ச்சி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். அந்த நினைவு தன்னை இழுத்துக்கொண்டு போவதை எதிர்த்து நிற்க முயன்று தோற்பதாகவே கவிதையில் பேசுகிறவர் சொல்கிறார். அந்த எதிர்ப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

இவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்ல. நல்ல கவிதை மிகையுணர்ச்சியைத் தவிர்க்கும் என்று கற்றவர்கள். அந்த விதி கையில் இருந்ததால்தான் வரியைப் படிக்காமல் விதியைப் போட்டார்கள். ரிச்சர்ட்ஸ் வாசிப்புக்கு வரும் பத்து இடையூறுகளைப் பட்டியலிட்டார். அதில் பாதி அறியாமை அல்ல, அறிவின் உபயம்: தயார்நிலை எதிர்வினைகள், யாப்பு பற்றிய முன்முடிவுகள், கொள்கைப் பற்று, கவிதை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற நினைப்பு.

பஃபலோவில் கற்றது ஒன்றுமில்லாத இடத்தில் பொருளைக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜில் கற்றது இருந்த பொருளைத் தள்ளிவிட்டது. இரண்டிலும் கோளாறு ஒரே இடத்தில்தான். எதிர்பார்ப்பைப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், எடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. போட்ட எதிர்பார்ப்பு பிரதியின் எந்தச் சொல்லில் முட்டுகிறது என்று பார்ப்பதும் பயிற்சிதான். அது முதல் பயிற்சியைவிட மெதுவாக வருவது. ஒரு உரையாசிரியர் இன்னொருவர் கொண்ட பொருளை மறுத்து, அவர்க்கு அது கருத்தன்மை அறிக (நூலாசிரியரின் கருத்து அது அல்ல) என்று எழுதும் இடங்களில் இந்த வேலை கண்முன்னே நடக்கும். இந்தப் பொருள் கொண்டால் அடுத்த அடி நிற்காது, இந்த வேற்றுமை உருபு தொங்கும் என்று அவர் இலக்கணத்தைக் கொண்டுவந்து வைப்பார். சில சமயம் அவர் சொல்வது அநியாயமாகவும் இருக்கும்; ஆனால் எதை வைத்து மறுக்கிறார் என்பது தெரியும்.

இந்த நிகழ்வின் குறைகளையும் சொல்லவேண்டும். இது சோதனை அல்ல, ஒரு ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகமாக்கிய கதை. பேசிய மாணவர்களின் குரல் மட்டும் நமக்குக் கிடைக்கிறது. பின் வரிசையில் இது ஏதோ பெயர்ப் பட்டியல் மாதிரி இருக்கிறதே என்று யாராவது நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பதிவாகவில்லை. ஆசிரியர் கவிதை என்று சொன்ன பிறகு இல்லை என்று எழுந்து சொல்வது எந்த வகுப்பிலும் எளிதல்ல. ஆக, இலக்கியப் பயிற்சியின் விளைவு எவ்வளவு, ஆசிரியருக்குக் கட்டுப்படும் பழக்கத்தின் விளைவு எவ்வளவு என்று இதில் பிரிக்க வழியில்லை. காலை 9:30 வகுப்பிடம் அதே பட்டியலைக் கவிதை என்று கொடுத்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். மொழியியல் மாணவர்களும் பொருள் சொல்ல முயன்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏணியும் முள்முடியும் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

வகுப்பறையில் இதைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர் ஃபிஷ் செய்ததை அப்படியே செய்து, கடைசியில் ஏமாந்தீர்களா என்று சிரிப்பதில் பயனில்லை. ஒரு பிரதியைத் தவறான சீட்டோடு கொடுத்து, வாசிப்பை எழுதச் சொல்லி, அடுத்து இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: உங்கள் வாசிப்புக்குள் அடங்காத சொற்கள் எவை? அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் வாசிப்பை மாற்றவேண்டும் என்று மாணவரே கண்டுகொள்வார். ஆனால் தேர்வுத்தாள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. 'கவிதையின் உட்பொருளை விளக்குக' என்ற கேள்வியே உட்பொருள் ஒன்று உண்டு என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறது. இதில் உட்பொருள் இல்லை, இன்னின்ன காரணத்தால் இது வெறும் காட்சிதான் என்று ஒரு மாணவர் காரணங்களோடு எழுதினால், விடைக்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் திருத்துநர் அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?